ஓஸ்கிலா பாலத்தில் நான்கு நிமிடங்கள்

ஹார்மனி ஃபெரி, அலபாமா
1904 ஜனவரி 11, திங்கட்கிழமை

அயோவா மாநிலம், பிளம் க்ரோவ், திரு. ஏமஸ் விட்கம் அவர்களுக்கு,

தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். ஆயினும் உள்நாட்டுப் போரின் கடைசி மாதத்தில் ஒரு முற்பகலில் நமக்கிடையே இருந்த தூரம் இருநூற்றைம்பது கெஜத்துக்கு மேல் இராது. தாங்கள் ஓஸ்கிலா ஆற்றின் மேற்குக் கரையில் வடக்கத்திப் படையோடு நின்றீர்கள். நான் கிழக்கு மேட்டில், கிழவர்களும் கணக்கர்களும் காயம்பட்டுத் திரும்பியவர்களுமாகச் சேர்ந்த எங்கள் ஊர்க்காவல் படைக்கு லெப்டினன்டாக நின்றேன்.

பழைய சிப்பாய்களுக்கான பத்திரிகையில் தாங்கள் எழுதிய நினைவுக்குறிப்பை ஒரு நண்பர் எனக்கு அனுப்பிவைத்தார். அதில் ஒரு பிழை உண்டு. சண்டை நடந்தது தாங்கள் எழுதியபடி ஏப்ரல் 20 அல்ல. 1865 ஏப்ரல் 19, புதன்கிழமை. ஈஸ்டருக்குப் பின் மூன்றாம் நாள். வர்ஜீனியாவில் எங்கள் பெரும்படை சரணடைந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. போர்நிறுத்தச் செய்தி எங்களை வந்தடைந்தது அன்று மாலை நான்கு மணிக்கு. முற்பகலில் நாம் ஒருவரையொருவர் கொன்றது வீண் வேலை என்பது மாலையில்தான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாண்ட எங்கள் பதினொரு பேருக்கு வரும் ஏப்ரல் 19 அன்று கல் நாட்டப் போகிறார்கள். என் தம்பி டல்லியஸ் டனவே, வயது பதினேழு, பன்னிரண்டாம் பெயராக அதில் இருக்கவேண்டும். இருக்கப்போவதில்லை. கூரை போட்ட அந்த மரப்பாலத்தில் டர்பன்டைன் நனைத்த பஞ்சை அடைத்து, கையில் பந்தத்தோடு அவனைக் காவலுக்கு வைத்திருந்தோம். தங்கள் ஆட்கள் பாலத்தில் நிறைந்ததும் மேட்டிலிருந்து கொம்பு ஊதப்படும், அவன் கொளுத்தவேண்டும். அவன் கொளுத்தவில்லை. பாலத்தைக் கடந்து தங்கள் படை வந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை. ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. முப்பத்தெட்டு ஆண்டு, எட்டு மாதம், இருபத்துமூன்று நாட்களாக நான் ஓடுகாலியின் அண்ணன்.

அன்று காட்டுப்புறாக்கள் லட்சக்கணக்கில் கூட்டமாக வந்ததைப் பற்றித் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரைச்சலில் கொம்பொலி பாலத்துக்குள் கேட்டிருக்க முடியுமா? பாலத்தில் என் தம்பியைப் பார்த்தீர்களா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
மார்செலஸ் டனவே
(கவுண்டிப் பதிவாளர், ஓய்வு)


பிளம் க்ரோவ்
ஜனவரி கடைசி

மதிப்புள்ள டனவே ஐயா,

தேதி தப்பென்றால் தப்புத்தான். அந்த நாட்களில் எனக்குக் கிழமைகூடத் தெரியாது. குதிரைக்குத் தீனி உண்டா இல்லையா என்பதுதான் தெரியும்.

உங்கள் தம்பியை எனக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும். ஆற்றின் இரு கரையிலும் காவல்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் யாங்கி! உங்கிட்ட நெசக் காப்பி இருக்காமே? நாங்க மூணு வருசமா சர்க்கரைவள்ளிக் கெழங்க வறுத்துக் குடிச்சிட்டு, காப்பி காப்பின்னு எங்களையே ஏமாத்திட்டிருக்கோம்."

"புகையிலை குடுறா, தரேன்!"

"மொதல்ல நீ அனுப்பு. யாங்கிய நம்பி எங்க தாத்தா ஒரு கோவேறு கழுத வாங்கினாரு. அது இன்னும் எந்திரிக்கல."

மரப்பட்டையில் செய்த சின்னப் படகு, காகிதப் பாயோடு இப்படியும் அப்படியும் போய்வந்தது. உங்களுக்கும் தெரிந்த வழக்கந்தான். அதிகாரிகள் பார்த்தால் திட்டுவார்கள், பிறகு அவர்களும் ஒரு கோப்பை கேட்பார்கள். பேர் என்னடா என்று கேட்டேன். "டல்லி டனவே. எங்கண்ணன்தான் இங்க லெப்டினன்ட். அவரு கையில மட்டும் மாட்டிக்காத. எத்தன மணிக்குச் செத்தேன்னு கேட்டு எழுதி வெச்சுக்குவாரு" என்றான்.

புறாக்களைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அறுபத்தொரு வயது. சூறாவளி பார்த்திருக்கிறேன், காட்டுத்தீ பார்த்திருக்கிறேன். அதைப்போல எதையும் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தில் பீரங்கி வெடித்தாலே கேட்காது, கொம்பு எங்கே கேட்கும்? அவன் ஓடவில்லை. அதை நான் அறிவேன். அவன் பாலத்திலேயே இறந்தான்.

வேறென்ன எழுத. இங்கே பனி முழங்கால் உயரம்.

ஏமஸ் விட்கம்


ஹார்மனி ஃபெரி
1904 பிப்ரவரி 3, புதன்கிழமை

அன்புள்ள திரு. விட்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் (தேதியிடப்படாதது, அஞ்சல் முத்திரைப்படி ஜனவரி 27) நேற்றுக் கிடைத்தது. அதை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். அந்தக் கோவேறு கழுதை உண்மை. அது எங்கள் தாத்தாவுடையதுதான்.

"பாலத்திலேயே இறந்தான்." இவ்விரு சொற்களுக்காக நான் எத்தனை கதவுகளைத் தட்டியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள்.

இத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம் வைத்துள்ளேன். தங்கள் ஊர் நோட்டரியின் முன் கையொப்பமிட்டு மார்ச் முதல் தேதிக்குள் அனுப்பினால், நினைவுக்கல் குழு அவன் பெயரை ஏற்கும். வாசகம் சுருக்கமானது: காலை 10.14க்குப் புறாக்கூட்டம் ஆற்றின் மேல் வந்தது. 10.15க்குக் கொம்பு ஊதப்பட்டது. இரைச்சலில் அது பாலத்திலிருந்த எவர் காதிலும் விழவில்லை. 10.40க்குக் கூட்டம் கடந்து முடிந்தது. டல்லியஸ் டனவே தன் காவலிடத்திலேயே உயிர்நீத்தான்.

நேரங்கள் என் சட்டைப்பைக் கடிகாரப்படி குறிக்கப்பட்டவை. ஆகவே அவற்றில் தங்களுக்கு ஐயம் வேண்டியதில்லை.

அந்த இருபத்தாறு நிமிடங்களை நானும் மறக்கவில்லை. பகல் அணைந்தது. எங்களுக்குப் பின்னால் ஊரில் கோழிகள் அடைந்தன. என் ஆட்களில் பாதிப்பேர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். ஜூபல் ஓட்ஸ் என்பவன் எதையும் கேலி செய்பவன், அவன் மண்டியிட்டிருந்தான். கடைசியாக ஒரு காட்டுப்புறாவைப் பார்த்து எனக்குப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன, அதுவும் ஒற்றைப் பறவை.

தங்கள் நன்றியுள்ள,
மார்செலஸ் டனவே


பிளம் க்ரோவ்
(தேதி போட்டேன், அடித்துவிட்டேன், எழுதியது ஒருநாள், முடித்தது வேறொருநாள்)

டனவே ஐயா,

பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நோட்டரி வீட்டு வாசல்வரை போனேன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்வார்கள் என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. திரும்பிவிட்டேன். நான் எழுதிய கடிதத்தையே குழுவிடம் காட்டுங்கள். அவன் ஓடவில்லை, பாலத்தில் இறந்தான். அதற்கு எவன் முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மற்றதை விட்டுவிடுங்கள். முப்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. சில விஷயங்களை ஆறு கொண்டுபோனபடியே விட்டுவிடுவது நல்லது.

ஏமஸ் விட்கம்


ஹார்மனி ஃபெரி
1904 பிப்ரவரி 29, திங்கட்கிழமை

திரு. விட்கம் அவர்களுக்கு,

"மற்றதை விட்டுவிடுங்கள்" என்று எழுதுகிறீர்கள். எந்த மற்றது? கடிதத்தில் எழுதக்கூடிய ஒன்றைச் சத்தியத்தின் மேல் சொல்லமுடியாதென்றால், அந்த ஒன்று பொய் என்றல்லவா பொருள்? நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் சாட்சியங்களைப் பதிவு செய்தவன். வாசலிலிருந்து திரும்பிப் போகும் சாட்சியை எனக்குத் தெரியும்.

தங்களுக்கு இது ஒரு பழங்கதை. எனக்கு நேற்றைய விஷயம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் படியில், அதே ஜூபல் ஓட்ஸ் நாலுபேர் கேட்கச் சொன்னான்: "மார்செலஸ், கல்லுல எடம் இல்லேன்னா என்ன? உன் தம்பி ஓடின வேகத்துக்கு மைல்கல்லு நட்டாத்தான் பொருத்தமா இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அறுபத்தெட்டு வயதில் அப்படிச் சிரிக்க நேர்ந்தவனுக்கு உண்மையைக் கேட்கும் உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

என் தம்பி எப்படி இறந்தான்? கொம்பொலி கேட்டதா, இல்லையா? ஆம், இல்லை என்ற ஒரு சொல் போதும். அதையும் தரமுடியாதென்றால், இனி எழுதவேண்டாம்.

மா. டனவே


பிளம் க்ரோவ்
மார்ச் 13, ஞாயிறு. (இந்த முறை நாட்காட்டியைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.)

டனவே ஐயா,

உங்கள் கடிதத்தை என் மனைவி ஹெஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். "உள்ளத எழுதுங்க. இல்லேன்னா அந்தப் பேனாவக் கீழ வெச்சுட்டுப் பன்னிக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள். பன்றிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

கேட்டது.

நாங்கள் முப்பத்துநாலு பேர் குதிரையைப் பின்னால் விட்டுவிட்டு நடந்து நுழைந்தோம். உள்ளே இருட்டு. தீ நன்றாகப் பிடிக்கக் காற்று வேண்டுமென்று பக்கப் பலகைகளை அங்கங்கே பிடுங்கியிருந்தீர்கள். அந்த இடைவெளிகளில் மட்டும் வெளிச்சம். இரண்டு பக்கமும் பஞ்சு ஆள் உயரம். டர்பன்டைன் வாடை கண்ணில் எரிந்தது. பாலத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம். அப்போதுதான் அவனைப் பார்த்தேன். ஏழு எட்டு அடி தள்ளி, கையில் பைன் கட்டைப் பந்தம்.

கொம்பு ஊதியது. இரண்டு நீளம். காட்டில் வேறு சத்தமே இல்லை. புறா ஒன்றுகூட இன்னும் வரவில்லை. தேவாலயத்துக்குள் ஒருவன் இருமினால் கேட்குமே, அப்படிக் கேட்டது.

அவன் பந்தத்தை உயர்த்தினான். எனக்குப் பின்னால் ஒருத்தன் "அம்மா" என்றான், கூப்பிடுகிற மாதிரி இல்லாமல், சும்மா சொல்கிற மாதிரி. திரும்பி ஓட இடமில்லை. சுட்டால் பந்தம் பஞ்சில்தான் விழும். அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் வாய் ஏன் அப்படிச் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"காப்பி நல்லா இருந்துச்சா?" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தான். குரலைக் கண்டுபிடித்துவிட்டான். "ஒரே தூள்ல ரெண்டு தடவ போட்டுக் குடிச்சோம்" என்றான்.

பிறகு தரைப்பலகை இடுக்கு வழியாகப் பந்தத்தை ஆற்றில் விட்டான். தவறி விழவில்லை ஐயா. குனிந்து, இடுக்கைப் பார்த்து, விட்டான். கீழே உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

முப்பத்துநாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை கொடுப்பதா, கைது செய்வதா? அப்போதுதான் அந்த இரைச்சல். முதலில் வெள்ளம் வருகிறது என்று நினைத்தேன். பாலம் நடுங்கியது. பிறகு வெளிச்சம் போனது. பலகை இடைவெளிகளுக்கு ஓடினோம். மேலே வானம் என்ற ஒன்றே இல்லை. இறகுதான். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆறு ஓடுகிற மாதிரி, அதன்மேல் இன்னொரு ஆறு, அதன்மேல் இன்னொன்று. எச்சம் கூரைமேல் ஆலங்கட்டி மழையாய் விழுந்தது. காற்று நம் முகத்தில் அடிக்கவில்லை, நம்மைத் தள்ளியது. என் பக்கத்தில் தோளோடு தோளாக அவன் நின்றான். என் காதில் வாயை வைத்துக் கத்தினான்: "எங்கண்ணன் இந்நேரம் எண்ண ஆரம்பிச்சிருப்பாரு!" நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை. கொஞ்சநேரம் முன்னால் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டியவன், வாய் பிளந்து நின்றிருந்தேன். இவ்வளவு பெரிய உலகம் என்னை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டதே என்று அழுதேன். அவனுக்கும் கண் நிறைந்திருந்தது.

கடைசிப் பறவைகள் போனதும் வெளிச்சமும் அமைதியும் ஒன்றாகத் திரும்பின. அந்த நேரத்தில் மேற்கு வாசல் வழியாக எங்கள் இரண்டாம் பிரிவு ஓடிவந்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. எங்கள் நடுவே உங்கள் படையின் சாம்பல் நிறச் சட்டை ஒன்றைப் பார்த்து ஒருவன் சுட்டுவிட்டான். டல்லி பலகை இடைவெளி வழியாகவே ஆற்றில் விழுந்தான். தண்ணீர் பெருகி ஓடியது.

நான் கையை நீட்டித் தடுத்திருக்கலாம். "சுடாதே" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பூட்ஸ் சத்தம் என் காதில் விழுந்தது. நான் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டரி வாசலிலிருந்து திரும்பியதற்கு இதுவும் காரணம்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அவன் விட்டுவைத்த நாங்கள் உங்கள் மேட்டில் ஏறினோம். உங்கள் பதினொரு பேர் எங்கள் கையால் செத்தார்கள். அதையும் மறைக்கமாட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கொம்பை ஊதியது யார்? நல்ல மூச்சு. உயிரோடிருந்தால் சொல்லுங்கள், எனக்கு அவர்மேல் கோபமில்லை.

ஏமஸ் விட்கம்


ஹார்மனி ஃபெரி
1904 ஏப்ரல் 20, புதன்கிழமை

அன்புள்ள ஏமஸ் அவர்களுக்கு,

முப்பத்தைந்து நாட்களாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவேண்டும். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வாசல்வரை போய்த் திரும்பியது இம்முறை நான்.

மார்ச் 28, திங்களன்று குழு கூடியது. தலைவி திருமதி லவீனியா க்ரச்ஃபீல்ட். கல்லில் நான்காவதாக உள்ள பெயர் அவருடைய அண்ணனுடையது. அவர் இளகிய மனத்தோடுதான் தொடங்கினார். "அந்த அயோவாக்காரர் கையெழுத்து போடலேன்னா பரவாயில்ல மார்செலஸ். கடிகாரம் உங்ககிட்டதான் இருந்துது. பறவைங்க வந்தப்புறந்தான் கொம்பு ஊதினாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். உங்க வாயால வர்ற நேரத்த இந்த ஊர்ல யாரு சந்தேகப்பட்டிருக்கா?"

ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. அதுவே என் வாழ்நாள் சம்பாத்தியம்.

தங்களிடம் சொல்லவேண்டிய முதல் விஷயம் இது. அன்றைய என் நாட்குறிப்பில் கொம்பு ஊதப்பட்ட நேரம் 10.11 என்று உள்ளது. பிரமாணப் பத்திரத்தில் 10.15 என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். என் தம்பி கோழையாகி ஓடினான் என்று ஊரைப்போலவே நானும் நம்பியிருந்தேன். நான்கு நிமிடங்களை நகர்த்தி அவனை மூடிவிடலாம் என்று பார்த்தேன். தங்கள் கையையும் வேதப்புத்தகத்தின் மேல் வைத்து அதைச் செய்யப் பார்த்தேன்.

குழுவில் தங்கள் கடிதத்தை முழுமையாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் திருமதி க்ரச்ஃபீல்ட் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கேட்டுதா?" என்றார்.

"கேட்டது, அம்மா. 10.11க்கு."

"கேட்டும் கொளுத்தல. அவங்க ஏறி வந்தாங்க. எங்கண்ணன் செத்தாரு. அவரு பேருக்குக் கீழ உங்க தம்பி பேர நானே கல்லுல செதுக்கிக் குடுக்கணும், இல்லையா?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை. அப்படியே அவரிடம் சொன்னேன். பெயர் ஏற்கப்படவில்லை. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கதவுவரை வந்தார். "நாலு நிமிஷம் தள்ளிச் சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனே, மார்செலஸ். ஏன் சொல்லல?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை.

"தள்ளிச் சொன்னால் அவன் செவிடன் ஆகிவிடுவான், அம்மா" என்றேன்.

நேற்றுக் கல்லைத் திறந்தார்கள். வாத்தியக் குழு, சிறுமிகளின் பாட்டு, பதினொரு பெயர்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். முடிந்து கலையும்போது ஜூபல் ஓட்ஸ் என்னிடம் வந்தான். செய்தி ஊரெங்கும் பரவியிருந்தது. வழக்கமான கேலிக்கு நான் தயாரானேன்.

"மார்செலஸ், நெசமாவே முப்பத்துநாலு பேரா?"

"முப்பத்துநான்கு."

"கையில பந்தத்த வெச்சுக்கிட்டு. பதினேழு வயசுப் பய." அவன் என்னைத் தாண்டி ஆற்றைப் பார்த்தான். "நானா இருந்தா கொளுத்தியிருப்பேன். யோசிக்கவே மாட்டேன். நீ?"

அந்தக் கேள்விக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்கிறேன், அது தாங்கள் கேட்ட கேள்விக்கும் பதிலாகும்.

சிக்கமாகா சண்டையில் என் மார்பில் குண்டு பாய்ந்திருந்தது. கொம்பு ஊதக்கூடாதென்று மருத்துவர் கண்டித்திருந்தார். ஊதுவதற்கு வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் ஒரு கணம் பிந்திவிடுவார்களோ என்று அஞ்சி, நானே வாங்கி ஊதினேன். பலகை இடைவெளிகளில் தங்கள் ஆட்கள் அசைவதை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்துநான்கு என்று வந்ததும் ஊதினேன். எவ்வளவு நேரத்தில் எரிந்து முடியும் என்று குறிக்க மறு கையில் கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்த ஒலி அவன் காதில் விழுந்தது. அது யாருடைய மூச்சு என்று அவனுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்தே அந்தக் கொம்பை நான் ஊதிக் கேட்டு வளர்ந்தவன். தெரிந்தும் குனிந்து, இடுக்கைப் பார்த்து, பந்தத்தை ஆற்றில் விட்டான்.

அந்தக் குனிதலை நினைத்துப் பார்க்கிறேன். இருபத்தாறு நிமிடங்கள் வானம் முழுவதையும் மறைத்துச் சென்றதே, அதுகூட எனக்கு அதைவிடச் சிறியதாகத் தோன்றுகிறது.

ஊதியவன் நான், ஏமஸ். தாங்கள் எரிந்துபோக வேண்டும் என்று, என்னிடமிருந்த மூச்சு முழுவதையும் செலுத்தி ஊதினேன். தாங்கள் உயிரோடிருக்கிறீர்கள் என்பதற்காக இன்று கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

மார்செலஸ்